தைராய்டு அறுவைக்கு முன்: கார்பிமசோலா, அயோடின் துளிகளா, புரோப்பிரனோலாலா?

அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டை அகற்றும் முன் நோயாளியின் இரத்தத்திலுள்ள ஹார்மோன் அளவை இயல்புக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், கடுங்காய்ச்சல், கட்டுக்கடங்காத இதயத்துடிப்பு, மனக்குழப்பம் என மூளும் ‘தைராய்டு புயல்’ அறுவையின்போதோ அதை அடுத்த நாள்களிலோ உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த ஆயத்தத்துக்கு மூன்று வகை மருந்துகள் கைவசம் உள்ளன. அவை ஒரே வேலையைச் செய்யும் மாற்று மருந்துகள் என்று கருதுவதே குழப்பத்தின் தொடக்கம் என்பது என் கருத்து. ஒவ்வொன்றும் ஹார்மோனின் பாதையில் வேறொரு இடத்தில் குறுக்கிடுகிறது. எடுத்துக்கொள்ளும் காலமும் வேறு.

கார்பிமசோல் புதிய ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. ஆனால் சுரப்பிக்குள் ஏற்கெனவே சேர்ந்துள்ள இருப்பை அது தொடுவதில்லை. அந்த இருப்பு கரைந்து இரத்த அளவு இயல்பாவதற்குப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகின்றன. காத்திருக்க நேரம் உள்ளவருக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. வெள்ளணுக்கள் திடீரெனச் சரிவது அரிதாகவே நிகழும் என்றாலும் கடுமையான பக்கவிளைவு. ஆகவே இம்மருந்து உட்கொள்பவருக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே இரத்தப் பரிசோதனை தேவை. ஆயத்தம் முடிந்ததா என்று பார்க்கும்போது தைராய்டு ஹார்மோன்களான டி4, டி3 ஆகியவற்றின் அளவுகளைத்தான் நோக்க வேண்டும். தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்ஹெச் பல வாரங்கள், சில வேளை மாதங்கள், தாழ்ந்தே கிடக்கும் என்பதால் அது உயரட்டும் என்று அறுவையைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

அயோடின் கரைசலின் கதை விந்தையானது. 5 விழுக்காடு அயோடினும் 10 விழுக்காடு பொட்டாசியம் அயோடைடும் நீரில் கலந்த லூகோல் கரைசலை அறுவைக்கு முன் கொடுக்கும் வழக்கத்தை 1920களின் தொடக்கத்தில் மேயோ மருத்துவமனையின் ஹென்றி பிளம்மர் நிலைநாட்டினார். நோயுற்ற சுரப்பி அயோடின் குறைவான அரைகுறை ஹார்மோனை வெளியிடுகிறது, அயோடின் கொடுத்தால் அது முழுமை பெறும் என்பது அவர் கொண்ட விளக்கம். விளக்கம் பிழை, சிகிச்சை பலித்தது. மிகுதியான அயோடின் ஹார்மோன் உருவாக்கத்தையே தற்காலிகமாக முடக்குகிறது என்பதை 1948இல் வுல்ஃப், சைக்காஃப் என்னும் ஆய்வாளர்கள் காட்டினர். அதோடு, சேமிப்பிலுள்ள ஹார்மோன் வெளியேறுவதையும் அது விரைந்து தடுக்கிறது. கார்பிமசோலால் இயலாத வேலை இதுவே.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு மிகும். நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து முதல் ஏழு துளிகள், சுமார் பத்து நாள்கள் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உள்ள அளவு. குறைந்த அளவை எடுத்துக்கொண்டாலும் ஒருவருக்கு அன்றாடம் தேவையான 150 மைக்ரோகிராமைப் போல ஏறத்தாழ அறுநூறு மடங்கு அயோடின் உள்ளே போகிறது. செறிவூட்டிய பொட்டாசியம் அயோடைடு கரைசல் என்றால் வேளைக்கு ஒன்றிரண்டு துளிகளே போதும். அதில் தனி அயோடின் இல்லாததால் வாயை எரிக்கும் தன்மையும் கறைபடிதலும் குறைவு. ஆனால் ஒரு துளியின் வீரியம் மிகுதி என்பதால் துளி எண்ணுவதில் நேரும் பிழையும் பெரிதாகும். எந்தக் கரைசலானாலும் நீரிலோ பழச்சாற்றிலோ கலந்துதான் குடிக்க வேண்டும்.

உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தூண்டி மிகையாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயில் சுரப்பிக்குள் இரத்த ஓட்டம் பெருகியிருக்கும். அயோடின் அதைக் குறைப்பதால் அறுவையின்போது இரத்தக் கசிவு குறைகிறது. இருப்பினும் இதனால் சிக்கல்களும் குறைகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. கார்பிமசோலால் நன்கு கட்டுப்பட்ட நோயாளிக்கு அயோடினே வேண்டாம் என்னும் அறுவை மருத்துவர்களும் உள்ளனர். நான் அயோடினின் பக்கமே சாய்கிறேன், குறிப்பாகக் கழலை (தைராய்டு வீக்கம்) பெரிதாக இருக்கும்போது. ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, அறுவை நாள் உறுதியாகியிருக்க வேண்டும்: சுமார் இரண்டு வாரங்களில் சுரப்பி முடக்கத்திலிருந்து விடுபடத் தொடங்கும், அதன்பின் அதே அயோடின் புதிய ஹார்மோனுக்கு மூலப்பொருளாகிவிடும், போதாக்குறைக்கு, கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு மாறும் வழியும் பல வாரங்களுக்கு அடைபட்டுப்போகும். இரண்டாவது, நோய் கிரேவ்ஸாக இருக்க வேண்டும். தன்னிச்சையாகச் சுரக்கும் முடிச்சுகளால் வந்த மிகைச்சுரப்பில் அயோடின் நோயை முற்றச் செய்யலாம்.

புரோப்பிரனோலால் சுரப்பியைத் தொடுவதே இல்லை. படபடப்பையும் நடுக்கத்தையும் சில மணி நேரத்தில் அடக்குகிறது. உயர்ந்த அளவில் டி4 டி3ஆக மாறுவதையும் ஓரளவு தடுக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. இதை மட்டும் நம்பி அறுவைக்குப் போனால் நாடி அடங்கியிருக்கும், ஹார்மோன் அடங்கியிருக்காது. கார்பிமசோல் ஒவ்வாமல் போனவருக்கோ, காத்திருக்க இயலாதவருக்கோ இதனுடன் அயோடினையும் ஸ்டீராய்டையும் சேர்த்துச் சில நாள்களிலேயே ஆயத்தப்படுத்துவதுண்டு.

அறுவை முடிந்ததும் வேறுபாடு மீண்டும் தெரிகிறது. சுரப்பியே போய்விட்டதால் கார்பிமசோலையும் அயோடினையும் அன்றே நிறுத்திவிடலாம். புரோப்பிரனோலாலை அப்படி நிறுத்தக்கூடாது. இரத்தத்தில் எஞ்சிய டி4 பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும் என்பதால், அம்மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.