ஹைட்ராக்ஸியூரியாவா, மைக்கோஃபினோலேட்டா?

அரிவாள் செல் சோகைக்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா, உறுப்பு மாற்றுக்குத் தரும் மைக்கோஃபினோலேட் இரண்டும் எச்.ஐ.வி. மருந்துகளின் வீரியத்தைக் கூட்டச் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. தூண்டப்பட்ட சிடி4 செல்லில்தான் (நோய் எதிர்ப்பு வெள்ளணு) எச்.ஐ.வி. நன்றாகப் பெருகும். செல்லின் டி.என்.ஏ. மூலப்பொருளைக் குறைத்தால், அந்த மூலப்பொருளைப் போலவே இருக்கும் எச்.ஐ.வி. மருந்துக்குப் போட்டி குறையும்.

எது வற்றும்?
ஹைட்ராக்ஸியூரியா: முக்கியமாக அடினோசின் வகை.
மைக்கோஃபினோலேட்: குவானோசின் வகை.

அதனால் ஜோடி சேர்க்கும் எச்.ஐ.வி. மருந்து?
முன்னதற்கு டிடனோசின்.
பின்னதற்கு அபாகவிர். சிடோவுடின், ஸ்டாவுடின் வேண்டாம். ஆய்வகச் சோதனையில் அவற்றின் வீரியத்தை மைக்கோஃபினோலேட் குறைத்தது.

ஆய்வுகளில் தந்த அளவு?
ஹைட்ராக்ஸியூரியா: 500 மி.கி., தினம் இருவேளை.
மைக்கோஃபினோலேட்: 250 முதல் 500 மி.கி., இருவேளை. சிறுநீரக மாற்றுக்கு வழக்கம் 1 கிராம், இருவேளை.

பக்கவிளைவில்தான் பெரிய வித்தியாசம். ஹைட்ராக்ஸியூரியாவோடு டிடனோசின் சேர்ந்தபோது கணைய அழற்சி வந்து உயிரிழப்பும் நேர்ந்தது. கால் நரம்பு எரிச்சலும் கூடியது. மைக்கோஃபினோலேட்டில் வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு. கருவுக்கு இரண்டுமே ஆபத்து.

ஒரு பொறி: வைரஸ் அளவு இறங்கும், சிடி4 ஏறாது. செல் பிரிவதைத் தடுத்தால் எண்ணிக்கை எப்படி ஏறும்?

இன்றைய இன்டெக்ரேஸ் தடுப்பான்கள் (வைரஸ் மரபணு செல்லின் டி.என்.ஏ.வில் நுழைவதைத் தடுக்கும் மருந்துகள்) இருக்க, வழக்கமான சிகிச்சைக்கு இரண்டும் தேவையில்லை. உறுப்பு மாற்றுக்காக மைக்கோஃபினோலேட் எடுப்பவருக்கு, எச்.எல்.ஏ.-பி 57:01 சோதனை (அபாகவிர் ஒவ்வாமை அபாயம் காட்டும் மரபணுச் சோதனை) எதிர்மறையானால், அபாகவிர் பொருந்தும். அரிவாள் செல் சோகைக்கு ஹைட்ராக்ஸியூரியா எடுப்பவர் டிடனோசின், ஸ்டாவுடின் பக்கமே போகக்கூடாது.