ஆலன் ஈகிள் ஸ்டேடியம்: 18,000 இருக்கையில் எங்கே உட்காரலாம்?

டாலஸிலிருந்து 75ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பிளானோ தாண்டியதும் ஆலன். அந்த ஊரின் ஒரே பொது உயர்நிலைப் பள்ளிக்கான கால்பந்து மைதானம்தான் ஈகிள் ஸ்டேடியம். கால்பந்து என்றால் இங்கே அமெரிக்கக் கால்பந்து, கையில் பிடித்து ஓடும் ஆட்டம். 18,000 இருக்கை, ஏறத்தாழ 60 மில்லியன் டாலர் செலவு. 2009 மே மாதம் ஊர் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட 119 மில்லியன் டாலர் கடன் பத்திரத் திட்டத்தின் ஒரு பகுதி இது. 2012 ஆகஸ்ட் 31 அன்று முதல் ஆட்டம். சவுத்லேக் கேரல் பள்ளியை 24-0 என்று ஆலன் ஜெயித்தது.

பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு இவ்வளவு பணமா என்ற விவாதம் அப்போதே தேசியச் செய்திகளில் அடிபட்டது. செலவை நியாயப்படுத்தவோ கண்டிக்கவோ நான் இதை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு போய் உட்காரத் தகுந்த இடமா, போனால் எப்படிப் போக வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. கண்டிப்பாகப் போகலாம். டாலஸ் வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளி ஆட்டத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கும் ஆலனைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் கான்கிரீட் இல்லை.

காரணம் ஊர். பக்கத்திலுள்ள ஃபிரிஸ்கோவில் பள்ளிகளைச் சிறிதாக வைத்திருப்பது என்று பள்ளி நிர்வாகம் தெரிந்தே முடிவெடுத்தது. அதனால் அங்கே பன்னிரண்டு உயர்நிலைப் பள்ளிகள். மெக்கின்னியில் மூன்று. ஆலனில் ஒன்றுதான், மாணவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். மொத்த ஊரும் ஒரே அணிக்குக் கத்துகிறது. பிள்ளை படித்து முடித்து வெளியூர் போன வீட்டிலிருந்தும் ஆள் வருகிறார்கள். பழைய மைதானம் 1976இல் கட்டியது. ஊர் பெருகியதும் அங்கே கூட்டம் கொள்ளாமல் வாடகைக்கு பெஞ்சு வரிசைகளைக் கொண்டுவந்து போட்டுச் சமாளித்தார்கள். அதாவது, கூட்டம் முதலில் வந்தது, ஸ்டேடியம் பிறகு வந்தது. உள்ளே நுழைந்ததுமே அந்த வித்தியாசம் தெரியும்.

இருக்கைக்கு வருவோம். பெரும்பாலோர் தப்பு செய்வது இங்கேதான். நடுக்கோட்டுக்கு நேரே, முடிந்த அளவு கீழே, களத்துக்குப் பக்கத்தில் என்று தேடுவார்கள். அது வேண்டாம். கோட்டோரத்தில் மாற்று வீரர்களும் பயிற்சியாளர்களும் நெருக்கமாக நின்றுகொண்டிருப்பார்கள். ஆலன் மாதிரிப் பெரிய பள்ளியில் அந்தக் கூட்டமே ஒரு சுவர். கீழ் வரிசைகளிலிருந்து பார்த்தால் எதிர்க்கோட்டில் நடப்பதுதான் தெரியும், கைக்கெட்டும் தூரத்தில் நடப்பது தெரியாது. உள்ளூர் அணியின் பக்கம், 30க்கும் 40க்கும் இடைப்பட்ட யார்டு கோட்டுக்கு (நடுக்கோடு 50) நேரே, கீழ் அடுக்கின் மேல் பகுதியிலோ மேல் அடுக்கின் முன் வரிசைகளிலோ எடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் மேல் அடுக்கு வேண்டாம், படி அதிகம். கீழ் அடுக்கிலேயே உயரமான வரிசை போதும்.

உயரம் ஏன் வேண்டும் என்பதற்கு இன்னும் பெரிய காரணம் பேண்டு. ஆலன் பள்ளியின் 'ஈகிள் எஸ்கட்ரில்' அணிவகுப்பு பேண்டு நாட்டிலேயே மிகப் பெரிய பள்ளி பேண்டுகளில் ஒன்று. 800 பேர் அளவுக்குப் போனதுண்டு. இடைவேளையில் இவர்கள் களத்தில் போடும் உருவங்கள் எல்லாமே உள்ளூர் பக்கத்தில், உயரத்தில் இருக்கும் கண்ணுக்காக வரையப்பட்டவை. தரைமட்டத்திலிருந்து பார்த்தால் தொப்பி வரிசை மட்டும் தெரியும். இருபது வரிசை ஏறினால் வளைவுகள் விரிவதும், ஒரு கோடு இன்னொரு கோட்டுக்குள் புகுந்து வெளியே வருவதும் தெரியும். எதிரணிப் பக்கம் உட்கார்ந்தால் பித்தளை வாத்தியங்களின் வாய் உங்களுக்கு முதுகைக் காட்டும். பாதி சத்தம் போய்விடும்.

ஒலி விஷயத்தில் இன்னொன்று. கோல் கோட்டிலிருந்து கோல் கோடு வரை 100 யார்டு, சுமார் 91 மீட்டர். ஒலி அதைக் கடக்கக் கால் நொடிக்கும் சற்று மேலாகிறது. அதனால் களத்தின் ஒரு கோடியில் உட்கார்ந்தால், மறு கோடியில் நிற்கும் டிரம் அடிப்பவரின் குச்சி இறங்கிய பிறகுதான் அடி காதில் விழும். தாளத்தோடு வளர்ந்தவர்களுக்கு அது நிச்சயம் உறுத்தும். நடுப்பகுதியில் உட்கார்ந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஆட்டம் நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் 12 நிமிடம். கடிகாரம் அடிக்கடி நிற்பதால் மொத்தம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். இடைவேளை கிட்டத்தட்ட அரை மணி வரை நீளும், ஏனென்றால் இரண்டு பேண்டும் ஆடல் குழுவும் ஏறி இறங்க வேண்டும். பெரும்பாலும் வந்த அணியின் பேண்டு முதலில். பள்ளி ஆடல் குழு இடைவேளையில் களத்தில் இறங்குவது டெக்சஸுக்கே உரிய பெருமை. கில்கோர் கல்லூரியின் ரேஞ்சரெட்ஸ் 1940இல் தொடங்கிவைத்த வழக்கம் அது. ஆலனில் அந்தக் குழுவின் பெயர் டாலனெட்ஸ். தோளோடு தோள் கோத்து ஒரே உயரத்துக்குக் கால் தூக்கும் வரிசையை மேலிருந்து பாருங்கள். ஒரு கால் தாமதமானாலும் தெரிந்துவிடும், அதனால்தான் அந்த ஒழுங்கின் அருமையும் தெரிகிறது.

சாப்பாட்டுக்கு எப்போது எழுந்திருப்பது? இடைவேளையில் எழுந்தால் நிகழ்ச்சி போச்சு. மூன்றாம் குவார்ட்டரின் தொடக்கத்தில் எழுந்தால் பேண்டு பிள்ளைகள் மொத்தமும் வரிசையில் நிற்பார்கள். பல பள்ளிகளில் அந்தக் குவார்ட்டர்தான் அவர்களுக்கு ஓய்வு நேரம். இரண்டாம் குவார்ட்டரின் நடுவில் போய் வருவதே சரி. பேண்டு தன் இடத்தை விட்டு இறங்கத் தொடங்கினால் இடைவேளைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று அர்த்தம். அதற்குள் இருக்கைக்குத் திரும்பிவிடுங்கள்.

கடைகளில் டெக்சஸ் மைதானங்களின் அடையாளம் ஃபிரிட்டோ பை. சோளச் சிப்ஸ் பொட்டலத்தை வாயகலத் திறந்து, அதற்குள்ளேயே சூடான சில்லியை (மிளகாய் போட்ட கெட்டியான இறைச்சிக் குழம்பு) ஊற்றி, மேலே சீஸ் தூவி, ஸ்பூன் செருகிக் கொடுப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் அருமை, பிறகு சிப்ஸ் ஊறிப் போய்விடும், ஆகவே நின்ற இடத்திலேயே சாப்பிடுவது நல்லது. சில்லியில் மாட்டிறைச்சி இருக்கும். சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்கவும். சைவத்துக்கு நாச்சோஸ், ஹலபீன்யோ மிளகாய், பாப்கார்ன், பிரெட்ஸல். முழு வெள்ளரிக்காயை உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்த ஊறுகாயும் கிடைக்கும்; ஆகஸ்ட் வெயிலில் வியர்த்த உடம்புக்கு அது போல வேறொன்று இல்லை. பள்ளி மைதானங்களில் இந்தக் கடைகள் பெரும்பாலும் பெற்றோர் சங்கங்களின் கையில் இருக்கும், வரும் பணம் பேண்டுக்கோ அணிக்கோ போகும். அதனால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் ஏதாவது ஒன்று வாங்குங்கள்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. டிக்கெட் இப்போதெல்லாம் ஆன்லைனில்தான். வாசலில் சிக்னல் நெரிசலில் திணறாமல் வீட்டிலேயே போனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் பல பள்ளி மாவட்டங்கள் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையை மட்டுமே அனுமதிக்கின்றன. சாதாரணத் தோள்பையோடு போனால் காருக்குத் திருப்பி அனுப்புவார்கள். வெளியே போய்விட்டுத் திரும்பி வரப் பெரும்பாலும் அனுமதி இல்லை, ஆகையால் குழந்தையின் டயப்பர், ஸ்வெட்டர் எல்லாம் முதலிலேயே கையில் இருக்கட்டும்.

பருவநிலை இரண்டு எல்லைக்கும் போகும். ஆகஸ்ட் கடைசியில் ஏழு மணிக் கிக்ஆஃபிலும் 35 டிகிரி இருக்கும். டெக்சஸில் பொதுவாக உள்ளூர் அணிக்கு மேற்குப் பக்கத்தை ஒதுக்குவார்கள், சூரியன் முதுகுப் பக்கம் இறங்கும். வந்த அணியின் ஆட்கள் முதல் குவார்ட்டர் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். நவம்பரில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் ஒரே மணி நேரத்தில் பத்து டிகிரிக்கு மேல் விழும். முதுகுச் சாய்வு இல்லாத அலுமினிய பெஞ்சு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். போர்வையை மேலே போர்த்துவதை விடக் கீழே மடித்துப் போடுவது முக்கியம். மின்னல் வெட்டினால் ஆட்டம் நிறுத்தப்படும். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் எண்ணுவார்கள், இடையில் இன்னொன்று வெட்டினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. செப்டம்பரில் இப்படி பத்தரை மணி வரை இழுத்த ஆட்டங்கள் டெக்சஸில் சகஜம். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் அன்று வானிலையைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

இந்தக் கட்டடத்துக்கு ஒரு கறை உண்டு, அதை மறைப்பது சரியில்லை. திறந்து பதினெட்டு மாதத்தில், 2014 பிப்ரவரியில், நடைதளக் கான்கிரீட்டில் விரிசல் பரவியிருப்பதைக் கண்டு மைதானத்தை மூடினார்கள். கான்கிரீட் இறுகிச் சுருங்கும்போது வரும் மேலோட்டமான கீறல்தான் என்ற பேச்சு முதலில் இருந்தது. பொறியாளர்கள் ஆராய்ந்தபோது சுமை தாங்கும் வடிவமைப்பிலேயே குறை இருப்பது வெளிப்பட்டது. 2014 பருவம் முழுவதும் ஆலன் அணி அடுத்த ஊர்களில் 'உள்ளூர்' ஆட்டம் ஆடியது, அப்படியும் மாநிலக் கோப்பையை வென்றது. பின்னாளில் என்எஃப்எல் எனும் தொழில்முறை லீக் வரை போன கைலர் மர்ரே அப்போது அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர். ஆலனுக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 42 ஆட்டத்திலும் அவர் தோற்கவில்லை. பழுது பார்த்து 2015இல் மறுபடி திறந்தார்கள். இதில் எனக்குப் படுவது ஒன்று: மூடிய முடிவு சரி. நிறைந்த கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்து குதிக்கும் தளத்தில் விரிசல் தெரிந்த பிறகு ஒரு ஆட்டம்கூட நடத்தக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் ஃபிரிஸ்கோவின் ஃபோர்டு சென்டர். என்எஃப்எல் அணியான டாலஸ் கவ்பாய்ஸின் தலைமையகத்தோடு ஒட்டிய உள்ளரங்கம், 12,000 இருக்கை, 2016இல் திறந்தது. நகராட்சியும் பள்ளி மாவட்டமும் கவ்பாய்ஸும் சேர்ந்து கட்டியது. குளிர்சாதனம் உண்டு, மழை மின்னல் கவலை இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போவதென்றால் செப்டம்பரில் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் கூரை இருப்பதால் பேண்டின் சத்தம் எதிரொலித்துக் கலங்கிவிடுகிறது. பல பள்ளிகள் மாறி மாறி ஆடும் இடம் என்பதால் எந்தப் பள்ளிக்கும் சொந்த வீடாக அது ஆகவில்லை. மெக்கின்னியில் 2018இல் சுமார் 70 மில்லியனுக்குக் கட்டியதும் அழகான இடம்தான், மூன்று பள்ளிகள் பங்குபோடுவதால் அதே குறை.

ஆலனுக்கு உண்மையான போட்டி என்றால் ஒஹையோ மாநிலத்து மாசிலன். பால் பிரவுன் டைகர் ஸ்டேடியம், 1939இல் திறந்தது, 16,600 இருக்கை; ஊரின் மக்கள்தொகையே முப்பதாயிரம் சொச்சம். அங்கே பிறக்கும் ஆண் குழந்தைக்கு அணியின் ஆதரவாளர் சங்கம் ஒரு சின்னப் பந்தைத் தொட்டிலில் வைக்கும் வழக்கம் பிரசித்தம். பக்கத்து ஊரான கான்டனின் மெக்கின்லி பள்ளியோடு 1894இலிருந்து மோதிக்கொண்டிருக்கிறார்கள். பளபளப்பில் ஆலன் முன்னே நிற்கும், பழக்கத்தின் ஆழத்தில் மாசிலன். அந்தப் பக்கம் அக்டோபர் கடைசியில் போக நேர்ந்தால் விடாதீர்கள்.

ஆலனில் எனக்குள்ள மனக்குறை இரண்டு. பலவீனமான எதிரணி வந்தால் 18,000 இருக்கை பெரிய இடமாகத் தெரியும், மேல் அடுக்கு காலியாகக் கிடக்கும். இரண்டாவது, புது மைதானங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துவது: ராட்சதத் திரையும் ஒலிபெருக்கியும் வந்த பிறகு, ஆட்டத்தின் இடைவெளிகளை விளம்பரமும் பதிவுசெய்த பாட்டும் விழுங்குகின்றன. அந்த இடைவெளி பேண்டுக்கு உரியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாத்தியத்தோடு உட்கார்ந்திருக்கும்போது ஸ்பீக்கரில் பாட்டு போடுவதை எந்த மைதானமும் செய்யக் கூடாது.

எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? ஹோம்கமிங் ஆட்டம், அதாவது பழைய மாணவர்களை வரவேற்கும் ஆட்டம், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். டெக்சஸ் பெண்பிள்ளைகள் அன்று 'மம்' அணிவார்கள்: நெஞ்சளவு பெரிய செயற்கைச் சாமந்தி, அதிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் பள்ளி நிற ரிப்பன்கள், நடுவே சின்னப் பொம்மைகள், பெயர் எழுதிய பட்டைகள், கிணுகிணுக்கும் மணிகள். பையன்கள் அதன் சின்ன வடிவத்தைக் கையில் கட்டிக்கொள்வார்கள். பெரிய மம் செய்ய நூற்றுக்கணக்கான டாலர் ஆகும், சில வீடுகளில் அம்மாக்களே இரவெல்லாம் உட்கார்ந்து பசை ஒட்டுவார்கள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பு போகும் வீடுகளுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: மம் ஆர்டரை ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள், செப்டம்பரில் நல்ல கைவேலைக்காரர்கள் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஓடாதீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் வீரர்கள் பேண்டின் முன்னால் போய் நின்று, கையை உயர்த்தி பள்ளிப் பாட்டு பாடுவார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும். சில நிமிடம்தான். எப்படியும் கார் நிறுத்துமிடத்திலிருந்து உடனே வெளியேற முடியாது. சீக்கிரம் கிளம்பியே ஆக வேண்டியவர்கள் வரும்போதே ஸ்டேடியத்தை ஒட்டி நிறுத்தாமல், வெளிச்சாலைக்குப் பக்கத்து வரிசையில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நடந்து வரலாம். ஏழு மணி ஆட்டத்துக்கு ஆறேகாலுக்குள் வந்தால் அந்த வரிசைகளில் இடம் கிடைக்கும்.