மூன்று நாள் மழையில் ஓர்ட்லீப் பை

சைக்கிளில் நாள் கணக்காகப் பயணம் போகிறவர்கள் மழைக்கோட்டுக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் குறைத்து, அந்தக் காசில் சைக்கிளில் மாட்டும் நல்ல பையாக வாங்குங்கள். போன ஜூலையில் நானும் மச்சானும் தென் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் நாலு நாள் ஓட்டிவிட்டு வந்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். அதில் மூன்று நாள் மழை. எவ்வளவு நல்ல கோட்டு போட்டாலும் இரண்டு மணி நேரத்தில் உடம்பு நனைந்துவிடுகிறது, மழையில் இல்லாவிட்டால் வியர்வையில். சாயங்காலம் மாற்றிக்கொள்ளக் காய்ந்த துணி இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

முதலில் என்னிடம் இருந்தது மேலே மழையுறை மாட்டும் சாதாரணத் துணிப் பை. கிளம்புவதற்கு முன் இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் சடக்கு வழியாக ஒரு நடை போய்ப் பார்த்தோம். அரை மணி நேர மழைதான். மேல் பக்கம் காய்ந்தே இருந்தது, ஆனால் சக்கரம் கீழேயிருந்து வாரி அடித்த செம்மண் தண்ணீர் உறைக்கும் பைக்கும் நடுவே புகுந்து துணியெல்லாம் சேறு. இங்கே அது பெரிய விஷயமில்லை, வீட்டுக்கு வந்து ஒரு குளியல் போட்டால் சரியாகிவிடும். ஜூலையில் கிளேரில் குளிர்காலம், பகலிலேயே 13 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஈரத் துணியோடு ராத்திரியைக் கழிக்க முடியாது.

அதனால் சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் மாட்டும் ஓர்ட்லீப் பேக்-ரோலர் கிளாசிக் பை ஒரு ஜோடி வாங்கினேன், 800 வெள்ளியை ஒட்டி வந்தது. இந்தப் பை பிறந்ததே மழையில்தான். ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மன்காரர் இங்கிலாந்தில் மழையில் சைக்கிள் ஓட்டியபோது லாரிகள் மேல் போர்த்தியிருந்த கித்தானைப் பார்த்துவிட்டு, அதே துணியில் பை தைத்து 1982-இல் கம்பெனி ஆரம்பித்தார். கித்தானைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பையும் சேர்த்து 40 லிட்டர், எடை 1.9 கிலோ. இப்போது பக்கங்களைத் தைப்பதில்லை, ஒட்ட உருக்கிவிடுகிறார்கள், அதனால் தண்ணீர் நுழைய ஊசித் துளைகூட இல்லை. வாயைக் காற்று போக அமுக்கி மூன்று சுற்றாவது சுருட்டிப் பூட்ட வேண்டும். ஆசைப்பட்டுத் திணித்து ஒரு சுற்றோடு விட்டால் இவ்வளவு காசு கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை.

ஓட்டிய பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிவர்ட்டனில் தொடங்கி ஆபர்ன் வந்து, அங்கிருந்து ரீஸ்லிங் டிரெயிலில் கிளேர் வரை. பழைய ரயில் பாதை அது. 1983 காட்டுத் தீயில் சேதமாகி, அடுத்த வருஷம் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ரயில் போன வழி என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது, சுமையோடு போகிறவனுக்கு அது பெரிய புண்ணியம். வாட்டர்வேல் பக்கம் செம்மண் டயரில் அப்பிக்கொண்டது. இலை கொட்டிய திராட்சைக் கொடிகளை மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கவ்வாத்து பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் விடிகாலை மழை பிடித்தால் வெட்டு கிடையாது, பட்டை ஈரமானால் பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும், அன்றைய சம்பளமும் அதோடு போகும். கிளேரில் மழையிலும் வேலை நடக்கிறது.

செவன்ஹில்லில் பெரிய மழைக்கு ஒதுங்கினோம். 1851-இல் ஏசுசபைப் பாதிரியார்கள் பூசை ஒயினுக்காகக் கொடி நட்ட இடம். ஓட்டும்போது குடிப்பதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம், அதனால் ஒரு போத்தல் ரீஸ்லிங் ஒயின் மட்டும் வாங்கிக் கைலியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அன்று ராத்திரி அறைக்குப் போய், வெளியே சேறு வழிந்த பையைத் துடைத்துத் திறந்தால் உள்ளே கைலி மொடமொடவென்று, எங்கள் வீட்டுச் சோப்பு வாசத்தோடு. காய்ந்த காலுறையை மாட்டியபோது வந்த சுகம் இருக்கிறதே, அதற்கே 800 வெள்ளி தகும்.

வாங்குகிறவர்கள் சிலதைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிப்பக்கம் பாக்கெட் இல்லை, உள்ளே ஒரே குழி மாதிரி, அதனால் அடிக்கடி எடுப்பதை மேலே வையுங்கள். தண்ணீர் உள்ளே வராது என்றால் உள்ளிருப்பதும் வெளியே போகாது. இரண்டாம் நாள் ஈரக் கோட்டை அவசரத்தில் துணியோடு சேர்த்துப் போட்டுவிட்டேன், காலையில் எல்லாமே பிசுபிசுவென்று இருந்தது. ஈரத்துக்குத் தனிப் பிளாஸ்டிக் பை எடுத்துப் போங்கள். அப்புறம் கொக்கி. 16 மில்லிமீட்டர் தடிமன் வரை உள்ள கேரியர் கம்பிக்குத்தான் மாட்டும். அங்கே போய் வாடகைச் சைக்கிள் எடுப்பதாக இருந்தால் முன்பே கேட்டுவிடுங்கள்.

வாரக் கடைசியில் ஈப்போ போய் வருவதற்கு மட்டும் என்றால் இது வேண்டாம், நல்ல பிளாஸ்டிக் பைக்குள் துணியைக் கட்டிப் போனாலே போதும். எங்கள் வீட்டில் ஒரு பை இப்போது அம்மாவிடம் இருக்கிறது. காலைச் சந்தையில் மீன் வாங்கி வந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வருவதில்லை, கழுவிக் கவிழ்த்து வைத்தால் வாடையும் போய்விடுகிறது.