286 வெள்ளி போச்சு: எடை போட்டு விற்கும் கடல் உணவுக் கடைகளில் கவனம்

நான்கு பேர் சாப்பிட்டதற்கு 286 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)! நட்சத்திர ஹோட்டலில் இல்லை, சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் இருக்கும் உணவங்காடி நிலையத்தில். நேற்று இரவு நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருக்கிறார்கள். நம் அங்காடி உணவுக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்ததை வழியெல்லாம் பெருமையாகச் சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

நுழைந்ததுமே ஒரு கடல் உணவுக் கடைக்காரர் ஓடி வந்தார். அவ்வளவு கூட்டத்திலும் மேசை பிடித்துக் கொடுத்தார். அத்தைக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "ஆன்ட்டி காரம் சாப்பிடுவாங்களா? குறைச்சுப் போடச் சொல்றேன்" என்று கேட்டார். பெரியவர்களிடம் இப்படி நடந்துகொள்கிற ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்? விலையும் கேட்டேன். புலி இறாலைக் காட்டி, "பத்து வெள்ளி" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் துண்டுச் சீட்டு வந்தது. அந்தப் பத்து வெள்ளி 100 கிராமுக்காம்! 1.3 கிலோ இறால் என்று 130 வெள்ளி. சம்பால் என்ற மிளகாய் விழுது தடவிய திருக்கை மீனுக்கு 96. சோத்தோங் (கணவாய்), கங்கோங் கீரை, சோறு எல்லாம் சேர்த்து 286 வெள்ளி. எங்கள் கண் முன்னால் எதையுமே நிறுக்கவில்லை. தராசைக் காட்டுங்கள் என்றால், "சமைச்சாச்சு, சாப்பிட்டாச்சு, இனி எதை நிறுக்கறது?" என்கிறார். அதுவரை இருந்த பணிவு எங்கே போனதோ! மாமா சங்கடப்பட்டு, "விடுப்பா, கொடுத்துட்டுப் போயிடலாம்" என்றார். கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினேன், பணம் போனது கடைப் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு.

இன்று போன் செய்தால் "முதலாளி இல்லை", அப்புறம் "நாளைக்குக் கூப்பிடுங்க", அப்புறம் எடுப்பதே இல்லை. நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர்களோ, கடைக்காரரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். 2009இல் இங்கே நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணிகளிடம் 491 வெள்ளி வாங்கிய கடையை மூன்று மாதம் மூட வைத்தார்களே, அது சுற்றுப்பயணிகளுக்கு மட்டும்தானா? பயனீட்டாளர் (நுகர்வோர்) சங்கத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். 286 வெள்ளி சும்மா வரவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இதுதான் வருகிறது. விலை தட்டுக்கா, 100 கிராமுக்கா என்று கேளுங்கள். பலகையில் விலை போடாமல் 'சீசனல் பிரைஸ்' (அன்றன்றைய விலை) என்று இருந்தால் மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள், அடுப்பில் போடும் முன் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். தராசைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழிமறித்து ஆள் பிடிப்பதே உணவங்காடி நிலையங்களில் விதிமீறல், அப்படிக் கூப்பிட்டு உட்கார வைத்தால் எழுந்து வேறு கடைக்குப் போய்விடுங்கள்.