தாளைவிட மலிவான மை: எப்சன் எல்3250

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டில் அச்சுப்பொறி ஆடம்பரப் பொருளன்று. இரவு ஒன்பது மணிக்கு, தெருமுனை ஜெராக்ஸ் கடை மூடிய பிறகுதான், மறுநாள் காலை ஒட்டிக்கொண்டு போக வேண்டிய சூரியக் குடும்பப் படம் அவர்களுக்கு நினைவுக்கு வரும். அந்தத் தேவைக்காக நாங்கள் முதலில் வாங்கியது, நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைத்த ஒரு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். அதன் பெயர் இங்கே வேண்டாம். 700 ரூபாய் கொடுத்து வாங்கிய கறுப்புக் கார்ட்ரிட்ஜ் 200 பக்கங்களைத் தாண்டியதில்லை. அதாவது பக்கத்துக்கு மூன்றரை ரூபாய். வண்ணக் கார்ட்ரிட்ஜில் மூன்று நிறங்களும் ஒரே கூட்டுக்குள் இருந்ததால், மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் மிச்சமிருந்த மற்ற இரண்டையும் சேர்த்தே குப்பையில் போட வேண்டியிருந்தது. மூன்றாவது முறை கார்ட்ரிட்ஜ் வாங்கிய அன்று, அதுவரை மைக்கு மட்டும் கொடுத்த தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போனேன்.

அங்கிருந்து கொண்டுவந்ததுதான் எப்சன் எல்3250. அச்சு, ஸ்கேன், நகல் மூன்றையும் செய்யும், வைஃபை வசதியுள்ள, மைத்தொட்டி வகை அச்சுப்பொறி. கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாக நான்கு நிறங்களுக்கும் தனித்தனித் தொட்டிகள் இருக்கின்றன; எந்த நிறம் குறைகிறதோ அதற்குரிய பாட்டிலை மட்டும் வாங்கி ஊற்றினால் போதும். தொழிற்சாலையில் செய்த மைத்தொட்டியுடன் எப்சன் முதன்முதலில் அச்சுப்பொறி விற்றது 2010இல், இந்தோனேசியாவில். அதற்கு முன்பே கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்களின் பக்கத்தில் மைப்புட்டிகளை வரிசையாக வைத்து, மெல்லிய குழாய்களை உள்ளே செலுத்தி ஓட்டும் கைவேலை பல ஊர்க் கடைகளில் நடந்துகொண்டிருந்தது. மக்கள் செய்துகொண்ட ஒட்டுவேலையை நிறுவனமே முறையாகச் செய்து கொடுத்ததுதான் இந்த வகை என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

செலவுக் கணக்குக்கு வருவோம். இதற்குரிய 003 என்ற மையின் பாட்டில் 65 மில்லி. நான் வாங்கும் கடையில் 350 ரூபாயை ஒட்டி விற்கிறது. ஒரு கறுப்பு பாட்டிலில் 4,500 பக்கங்கள் வரும் என்பது நிறுவனம் தரும் கணக்கு. அப்படியானால் பக்கத்துக்கு எட்டுக் காசு. ஆனால் அந்தக் கணக்குக்கு அடிப்படையான சோதனைப் பக்கங்களைப் போல நம் வீட்டுப் பக்கங்கள் இருப்பதில்லை. தடித்த தலைப்பும் கருமையான படமுமாக வரும் பள்ளிப் பக்கங்களை மனத்தில் வைத்து, எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் 16 காசுதான் ஆகிறது. 500 தாள் கொண்ட ஏ4 கட்டு 280 ரூபாய் என்றால் ஒரு தாள் 56 காசு. மையைவிடத் தாள் மூன்றரை மடங்கு விலை! பிள்ளைகள் தாளை வீணாக்கினால்தான் இப்போது எனக்குக் கோபம் வருகிறது.

இருந்தாலும் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. இதன் விலை சுமார் பதினாலாயிரம். கார்ட்ரிட்ஜ் பிரிண்டரைவிடப் பத்தாயிரம் கூடுதல். பக்கத்துக்கு மூன்று ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சமாகும் கணக்கில், அந்தப் பத்தாயிரத்தை மீட்க ஏறத்தாழ 3,000 பக்கங்கள் அச்சிட வேண்டும். மாதம் நூறு பக்கம் அச்சிடும் வீட்டுக்கு அது இரண்டரை ஆண்டு. மாதம் இருபது பக்கம்தான் என்றால் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். அவர்களுக்கு ஜெராக்ஸ் கடையே சிக்கனமானது. எப்போதோ ஒருமுறை, அதுவும் கறுப்பில் மட்டும் அச்சிடுவோர் லேசர் பிரிண்டரைப் பார்க்கலாம். அதில் மைக்குப் பதிலாக உள்ள டோனர் என்பது தூள் என்பதால், ஆறு மாதம் தொடாமல் வைத்தாலும் காய்ந்துபோகாது.

இனி, கடைக்காரர்கள் தாமாகச் சொல்லாத ஒன்று. 003 மையின் கறுப்பு, சாய வகையைச் சேர்ந்தது. அந்த எழுத்தின்மீது நீர் பட்டால் கலங்கும். பிள்ளைகளின் படங்களுக்கு இது பொருட்டே இல்லை; வண்ணங்கள் பளிச்சென்று விழுகின்றன. ஆனால் ஐப்பசி மழையில் கையில் எடுத்துச் செல்லும் விண்ணப்பம், பதிவுத் தபால் உறையின்மேல் ஒட்டும் முகவரி ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். கேனான் ஜி3020, எச்பி ஸ்மார்ட் டேங்க் 580 போன்றவற்றில் கறுப்பு மட்டும் நிறமி வகை மை. அது தாளின்மீது படிந்து நிற்பதால் ஈரத்தை மிக நன்றாகத் தாங்கும். வீட்டிலிருந்தே அலுவலகக் கடிதங்களும் ஒப்பந்தங்களும் அச்சிடும் என் அக்கா கேட்டபோது, நான் வைத்திருப்பதைச் சொல்லாமல் ஜி3020ஐத்தான் சொன்னேன். மையைத் தாளில் தெளிக்கும் பகுதியான பிரிண்ட் ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வழியும் கழிவு மையைச் சேர்க்கும் பெட்டியை, அதில் நாமே கழற்றி மாற்றிக்கொள்ள முடியும் என்பதும் ஒரு காரணம். எல்3250இல் கழிவு மை உறிஞ்சும் பஞ்சு நிறைந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

பிரிண்ட் ஹெட்டிலும் இரண்டு வழிகள் உண்டு. கேனானும் எச்பியும் மையைச் சூடாக்கிக் குமிழியின் விசையால் தெளிக்கின்றன. ஹெட் தேய்ந்துவிட்டால் புதிது வாங்கி நாமே பொருத்தலாம். எப்சன் மின்சாரம் பட்டால் வளையும் பீசோ தகட்டால் மையைத் தள்ளுகிறது. சூடு இல்லாததால் ஹெட் நெடுநாள் உழைக்கும், ஆனால் அது இயந்திரத்தோடு பிணைந்தது, பழுதானால் செலவு பெரிது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், வாரம் தவறாமல் அச்சிடும் வீட்டுக்குப் பீசோ என்பேன்.

தாளின் இருபுறமும் தானாக அச்சிடும் வசதி இதில் இல்லை. ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அச்சிட்டு, கட்டைத் திருப்பி வைக்க வேண்டும். பல தாள்களைத் தானே இழுத்து ஸ்கேன் செய்யும் மேல்தட்டும் இல்லை. ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ் போன்ற ஒற்றைத் தாள்களுக்கு ஸ்கேனர் தெளிவாக இருக்கிறது. தடித்த புத்தகத்தை விரித்துக் கவிழ்த்தால் நடுமடிப்பு மங்குகிறது. திரை கிடையாது என்பதால் வைஃபை அமைப்பைக் கைப்பேசிச் செயலி வழியாகச் செய்ய வேண்டும். அப்போது கவனிக்க வேண்டியது, இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பது.

வாங்குவோர் இரண்டு பழக்கங்களைக் கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைக்காமல் பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் மூடியின்மேல் போய் நிற்கும், மை காயாது. வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கத்தையேனும் அச்சிட வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தில் எந்தப் படம் வரவேண்டும் என்பதற்கு இப்போது தனிச் சண்டை நடக்கிறது.