போன்ல ஷார்ட் பிலிம் எடுக்கறவங்களுக்கு: ப்ளாக்மேஜிக் கேமரா ஆப் எப்படி இருக்கு?

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல வேலைக்கு வந்து செட்டில் ஆன நம்ம பசங்களும் இங்கயே பொறந்து வளந்த சில பேரும் சேந்து ஒரு 48 மணி நேர போட்டிக்கு ஷார்ட் பிலிம் எடுத்தோம், எல்லாருக்கும் இதான் மொதப் படம், கேமரா வாடகைக்கு எடுக்கற அளவுக்கு யார்கிட்டயும் காசு இல்ல, அதனால ஐபோன்ல இந்த ஆப்பப் போட்டுத்தான் எடுத்தது. ஆப் இலவசம், தாராளமா போட்டுக்கலாம். ஆனா யூட்யூப்ல சொல்ற மாதிரி "சினிமா லுக்" தானா வந்துடும்னு நம்பி போடாதீங்க, அதெல்லாம் லைட்டிங்லதான் இருக்கு. இந்த ஆப் மிச்சம் பண்ணிக் குடுக்கறது ஞாயித்துக்கிழமை எடிட்டிங் நேரத்த, அதுக்காகத்தான் இத எழுதறேன்.

போட்டி பத்தி தெரியாதவங்களுக்கு: 2001ல வாஷிங்டன்ல ஆரம்பிச்ச 48 அவர் பிலிம் ப்ராஜெக்ட் இருக்குல்ல, அதே பாணிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டு எடுக்கணும், என்ன வகைப் படம்னு அதுல வரும், கூடவே எல்லா டீமுக்கும் பொதுவா ஒரு கேரக்டர், ஒரு பொருள், ஒரு வசனம் குடுப்பாங்க, ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள 4லேர்ந்து 7 நிமிஷத்துக்குள்ள படத்த முடிச்சுக் குடுத்துடணும். எங்களுக்கு சீட்டுல வந்தது பேய்ப்படம், பொருள் குடை. ஜூன் மாசம் டர்பன்ல மழை ரொம்பக் கம்மி, குடையோட எவன்யா சுத்துவான், பேய்தான் சுத்தும்னு கதையவே அப்படி மாத்திட்டோம்.

முக்கால்வாசி ஷூட்டிங் டர்பன்ல சாட்ஸ்வர்த்ங்கற ஏரியாவுல தெரிஞ்ச ஆண்டி ஒருத்தர் வீட்டு சமையக்கட்டுல. ஆண்டிக்கு தேவாரம் மனப்பாடம், ஆனா பேச்சுத் தமிழ் வராது, அதனால அவங்க வசனமெல்லாம் இங்கிலீஷ்ல. அங்க பழைய சோக் போட்ட ட்யூப்லைட். சாதா போன் கேமராவுல டெஸ்ட் எடுத்துப் பாத்தா சிங்க்குக்குப் பின்னாடி இருக்கற வெள்ள டைல்ஸ் மேல கருப்பு கருப்பா பட்டை மெதுவா இறங்கிட்டே இருக்கு, பேய்ப்படத்துக்கு இதுவும் நல்லாத்தான் இருக்குன்னு ஒருத்தன் சொன்னான், அது வேற கதை. விஷயம் என்னன்னா தென்னாப்பிரிக்காவுல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவ மங்கி எரியுது, போன் பாட்டுக்கு நொடிக்கு 30 பிரேம்ல அதுக்குப் பிடிச்ச ஷட்டர்ல (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் உள்ள விடற நேரம்) எடுக்குது, ரெண்டும் ஒத்துப் போகாம பட்டை விழுது. ஆப்ல செட்டிங்ஸ்ல போயி பிளிக்கர் 50 ஹெர்ட்ஸ்னு வச்சிட்டு, 25 பிரேம், ஷட்டர் ஆங்கிள் 180 டிகிரி, அதாவது நொடியில 50ல ஒரு பங்கு, அவ்ளோதான், பட்டை போயே போச்சு. ஊர்லயும் இதே 50 ஹெர்ட்ஸ்தான், அதனால சென்னையிலயோ மதுரையிலயோ எடுக்கறவங்களும் இதே செட்டிங் வச்சுக்கலாம்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ் லாக், அதாவது வெள்ளய எப்படிக் காட்டணும்னு கேமரா தானா கலர மாத்திக்காம பூட்டி வைக்கறது. ஆண்டி மஞ்சப் புடவையில கேமரா முன்னாடி கடந்து போனா சாதா கேமராவுல செவுத்தோட கலரே மாறும், அவங்க தாண்டிப் போனதும் திரும்ப மாறும். அப்படி ஒவ்வொரு டேக்கும் ஒவ்வொரு கலர்ல இருந்தா எடிட்ல உக்காந்து ஒண்ணோட ஒண்ண சேத்து வைக்கறதுக்குள்ள விடிஞ்சிடும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்ளோ தூக்கிக் காட்டணும்ங்கற அளவு), ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் மூணையும் பூட்டிட்டு எடுத்ததால எங்க சமையக்கட்டு சீன்ல கலர் வேலை கிட்டத்தட்ட இல்லவே இல்ல. இதுக்கே ஆப்புக்கு முழு மார்க்.

வெளியில போனா கதை வேற. முக்கால்வாசி போன் லென்ஸ்ல வெளிச்சம் வர்ற துவாரத்த சின்னதாக்க முடியாது, கோல்டன் மைல் பீச்சுல மத்தியான வெயில்ல அந்த ஷட்டரோட எடுத்தா எல்லாம் வெளுத்துப் போயிடும். என்டி பில்டர், அதாவது லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் மாதிரி, கட்டாயம் வேணும், கிளிப் மாதிரி மாட்றது கிடைக்குது. மலிவா விக்கற வேரியபிள் பில்டர (திருப்பித் திருப்பி இருட்டக் கூட்டிக் குறைக்கறது) கடைசி வரைக்கும் திருப்பாதீங்க, படத்துல எக்ஸ் மாதிரி கருப்பு நிழல் விழும். பில்டர் கிடைக்கலன்னா வெளி சீன சாயங்காலத்துக்குத் தள்ளுங்க, ஆனா ஜூன்ல இங்க அஞ்சு மணிக்கே இருட்ட ஆரம்பிச்சிடும்.

சவுண்டுக்கு மீட்டர் திரையிலயே தெரியுது, ஹெட்போன் மாட்டிக் கேக்கலாம், நல்ல வசதி. ஆனா ஹடீடா பறவை கத்துறத எந்த ஆப்பும் தடுக்காது, இங்க இருக்கறவங்களுக்கு அந்தக் கொடுமை தெரியும். காலர் மைக் ஒண்ணு வாங்கிடுங்க.

ஸ்லேட்னு ஒரு பக்கம் இருக்கு, சீன் நம்பர், டேக் நம்பர், நல்ல டேக்கான்னு குறிச்சு வைக்கலாம், அதே தகவல் ப்ளாக்மேஜிக்கோட எடிட்டிங் சாப்ட்வேர் டாவின்சி ரிசால்வ்ல கிளிப்போடவே வந்துடுது. நடுராத்திரி தூக்கக் கலக்கத்துல எது ஓகே டேக்னு தேடறவனுக்குத்தான் இதோட அருமை புரியும். ரிசால்வோட இலவச பதிப்பே 4கே வரைக்கும் எக்ஸ்போர்ட் பண்ணுது, காசு குடுத்து ஸ்டூடியோ வாங்க வேண்டாம். ஒண்ணு மட்டும் கவனம்: ஆரம்பத்துலயே ப்ராஜெக்ட்ட 25 பிரேம்னு வச்சிடுங்க, கிளிப் உள்ள போட்டதுக்கு அப்புறம் மாத்த விடாது. ரெண்டாவது போன் இருந்தா அதுலயும் 25 தான் இருக்கணும், 30ல எடுத்தத 25ல போட்டா ஆள் நடக்கறது லேசா திக்கித் திக்கித் தெரியும்.

பிடிக்காதது? திரை பூரா நம்பர், புதுசா பாக்கறவன் மிரண்டுடுவான், போட்டி அன்னிக்கு முதல் தடவையா தொறக்கற ஆப் இது இல்ல. ஐபோன் புரோ மாடல் வச்சிருக்கறவங்க ஆசைப்பட்டு ப்ரோரெஸ்ல (அதிகம் சுருக்காத பெரிய பைல் பார்மேட்) எடுக்காதீங்க, 4கேல நிமிஷத்துக்கு சுமார் 6 ஜிபி போயிடும், நல்லா சுருக்கி சேமிக்கற எச் 265 பார்மேட் போதும். ப்ளாக்மேஜிக் கிளவுட்ல ஏத்தி எடிட்டருக்கு அனுப்பற வசதியும் இருக்கு, இங்க டேட்டா விக்கற வெலைக்கு நாங்க கேபிள்தான் சொருகினோம்.

ஐபோனுக்கு 2023 செப்டம்பர்ல வந்துச்சு, ஆண்ட்ராய்டுக்கு 2024ல. ஆண்ட்ராய்டுல எல்லா மாடல்லயும் ஓடாது, அதனால ஸ்டோர்ல தேடிப் பாத்துட்டு யார் போன்ல எடுக்கறதுன்னு டீமுக்குள்ள முடிவு பண்ணுங்க.