காந்தம் இழுக்கும் மருந்தா, கொழுப்புக் குமிழியில் போகும் மருந்தா?

டாக்ஸோரூபிசின், எபிரூபிசின் போன்ற மருந்துகள் புற்றுச் செல்லைக் கொல்லும். கூடவே இதயத்தையும் பதம் பார்க்கும். மருந்தைக் கட்டியில் மட்டும் இறக்கிவிட முடிந்தால் எத்தனை பேருக்கு நிம்மதி!

காந்த வழி இது: இரும்பு ஆக்சைடு நானோ துகளில் மருந்தை ஒட்டி ரத்தத்தில் செலுத்துகிறார்கள், கட்டிக்கு மேல் வலுவான காந்தத்தை வைக்கிறார்கள். 1996-இல் பெர்லினில் 14 நோயாளிகளிடம் எபிரூபிசினை இப்படிக் கொடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலும் உடல் தாங்கிக்கொண்டது. ஆனால் துகள்களில் ஒரு பங்கு கல்லீரலில் போய்த் தங்கியது. அடிப்படைச் சிக்கல் இயற்பியலில்தான். காந்தத்தை விட்டுச் சில சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே இழுவை மளமளவென்று குறைந்துவிடும். தோலை ஒட்டிய கட்டி என்றால் சரி, ஆழத்தில் கிடக்கும் கணையத்தை எப்படி எட்டுவது? பெரிய தமனியில் ரத்தம் ஓடும் வேகமும் துகளை அடித்துக்கொண்டு போய்விடும்.

இன்னொரு வழியில் மருந்தை லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழிக்குள் அடைக்கிறார்கள். இதை யாரும் இழுப்பதில்லை. கட்டியின் ரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளிகள் அதிகம்; அவற்றின் வழியே கசிந்து உள்ளே தங்கும். டாக்ஸோரூபிசினை இப்படி அடைத்த ‘டாக்ஸில்’ என்ற மருந்து 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயப் பாதிப்பு குறைந்தது. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிவது புதுத் தொல்லையாக வந்தது.

இன்றைக்குச் சிகிச்சைக்குப் போகிறவருக்குக் குமிழிதான் கையில் கிடைக்கும். ஆனாலும் காந்த வழியின் மேல் எனக்கு நம்பிக்கை போகவில்லை. துகள் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எம்ஆர்ஐ படத்திலேயே பார்க்கலாமே!